பொற்காசுக்குக் காது குத்தினோம்

நாடு சுதந்திரம் வாங்கிய பெரிய வருஷத்தின் ஞாபகத்துக்காக அரசாங்கம் அடித்த தங்க நாணயம், சாப்பிடுகிற தட்டு அளவில், இரண்டு கிலோ எடையில், சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு எங்கள் ஊர் சங்குவிளைக்கு ஜீப்பில் வந்து இறங்கியபோது, அந்த நாணயத்தின் முகப்பில் என் வீட்டுக்காரரின் தங்கச்சி முத்துப்பேச்சி தன் மகள் கனியை இடுப்பில் வைத்துச் சிரித்தபடி நின்றாள். ஜீப்புக்கு வெளியே, ஆரத்தித் தட்டு பிடித்த கூட்டத்துக்குப் பின்னால், அதே முத்துப்பேச்சி இடுப்பில் ஒன்றும் இல்லாமல் நின்றாள், ஏனென்றால் கனி செத்து அன்றைக்கு ஒன்பது மாதம்.

படம் எடுத்த கதை சிரிப்பானது. முந்தின வருஷம் சித்திரையில், உப்பு பூத்து உப்பளம் முழுக்கக் கண்ணைக் குத்துகிற பருவத்தில், பட்டணத்திலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். உப்புக்காக ஒரு காலத்தில் ஊர் ஊராக ஜனங்கள் நடந்தார்கள் இல்லையா, அதனால் நாணயத்தில் உப்பு வாரும் பெண்தான் நிற்கவேண்டும் என்று மேலே முடிவு பண்ணியிருந்தார்களாம். பாத்திகளில் முப்பது பேர் வாரிக்கொண்டிருந்தோம், ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடியும் தலைத்துண்டும் கால்களில் கிழிந்த சாக்சுமாக. அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவர் பேச்சியைக் காட்டி, “நீங்க வாங்கம்மா, கண்ணாடியைக் கழட்டுங்க, அந்தப் பிள்ளைய இடுப்புல வைங்க, உப்பு வாருற பலகையைக் கையில பிடிங்க” என்றார்.

“பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு யாரு சார் உப்பு வாருவா? ரெண்டு கையும் வேணும்லா.”

“நாணயத்துல அப்படித்தாம்மா வாருவாங்க.”

முப்பது பேரும் சிரித்தோம், பேச்சியும் சிரித்தாள், அந்தச் சிரிப்பில்தான் படம் விழுந்தது. நான் அடுத்த பாத்தியில்தான் நின்றேன். கனியின் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைப் பார்த்தேன், ஒரு கை நீட்டினால் சரிபண்ணியிருக்கலாம், நீட்டவில்லை, ஏனென்றால் எனக்கும் பேச்சிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தச் சண்டை முழுக்க என்னால் வந்தது. எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு, எனக்கு ஏழு மாதம், வயிற்றைத் தூக்கிக்கொண்டு யார் வெயிலில் வீடு வீடாக ஏறுவது என்று, எல்லாருக்கும் போனிலேயே பத்திரிகையைத் தட்டிவிட்டேன், பேச்சிக்கும் சேர்த்து. கூடப்பிறந்த தங்கச்சிக்கு வெற்றிலை பாக்கு இல்லை, தட்டு இல்லை, நேரில் ஒரு வார்த்தை இல்லை. அவள் வரவில்லை. நாங்களும் வராட்டி போகட்டும் என்று இருந்தோம். ஐந்து மாதம் கழித்துக் கனிக்கு முதல் பிறந்தநாள், குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். பத்திரிகை எங்களுக்குப் போனில் வந்தது. நான் கொடுத்ததையே திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான். ஆனால் தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்துகிற வழக்கம் எங்களில் கிடையாது. என் வீட்டுக்காரருக்குப் பெயர் ஐகோர்ட்ராஜா. பெயர்தான் அப்படி, வீட்டில் ஒரு தீர்ப்பு அவர் சொல்லி நான் பார்த்ததில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார், நான் மூன்று மாதக் கைக்குழந்தை சுபியைக் காட்டி, “இவளைத் தூக்கிட்டு அழையாத வீட்டுக்கு நான் வரமாட்டேன், நீங்க வேணா போங்க” என்றேன், அவர் சட்டையைக் கழற்றிவிட்டார். கோயிலில் மத்தியானம்வரை காத்திருந்துவிட்டு, கனிக்கு மொட்டை மட்டும் போட்டுக்கொண்டு திரும்பினார்களாம். மாமன் கோபம் எத்தனை நாளைக்கு, அடுத்த வருஷம் குத்திக்கொள்ளலாம் என்று பேச்சி சொன்னாளாம்.

அடுத்த ஐப்பசியில் மழை இறங்கி அளமெல்லாம் குளமாகிக் கிடந்தபோது கனிக்குக் காய்ச்சல் வந்தது, மூன்று நாள் நின்றது, நான்காம் நாள் பிள்ளை இல்லை. அன்றைக்கு நாங்கள் ஒரு பத்திரிகைக்கும் காத்திருக்கவில்லை. மழையில் ஓடினோம். பேச்சி என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை, திட்டவும் இல்லை. கனியின் இரண்டு காதுமடலையும் மாறி மாறித் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். “மூளியாப் போறாளே மதினி” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

ஆகவே நாணயம் வந்த அன்று ஊர் கொஞ்சம் குழம்பித்தான் போனது. மேளத்துக்குச் சொல்லியிருந்தது, லட்டு பிடித்திருந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடியோடு நின்றன. ஆனால் பெட்டியைத் திறந்ததும் கனி சிரித்தாள், உடனே மேளக்காரர் தானாகவே கையை எடுத்துவிட்டார். ஒரு பக்கம் சிங்கத்தலைகள், மறுபக்கம் பேச்சியும் கனியும், பின்னால் உப்பைக் குவித்த அம்பாரம் மூன்று, அதற்கு மேலே சூரியன், விளிம்பைச் சுற்றி நாட்டின் பெயரும் சுதந்திரமும் வருஷமும் பொடி எழுத்தில். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் சந்தனமாரி அக்கா அதை ஆபீசில், கம்பிக் கதவுக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “உன் பிள்ளை, நீ எப்ப வேணாலும் வா, கதவைத் திறக்கச் சொல்லு” என்று பேச்சியிடம் சொன்னார். பேச்சி தினமும் வேலை விட்டு, பம்பில் கை கால் கழுவி, முகத்து உப்பைத் துடைத்துவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் ஒரு கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போவாள். அவள் புருஷன் கொம்பையா மட்டும் உள்ளே வரமாட்டார்; லாரியை ரோட்டில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், உள்ளே போனவள் திரும்பி வரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஒரு மாதம் கழித்து அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மதினி, கனி கால் எங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

“சேலைக் கொசுவத்துக்கிட்ட, கொலுசு அங்க இருந்துச்சு.”

“இப்ப முட்டுக்கு வந்துட்டு.”

போய்ப் பார்த்தோம். வந்திருந்தது. மொட்டை போட்டு முளைத்த குட்டி முடி காதை மூடியிருந்தது, மடங்கின சட்டைக் காலருக்கு மேலே கழுத்து கொஞ்சம் நீண்டிருந்தது, சட்டை இடுப்புக்கு மேலே ஏறி வயிறு தெரிந்தது. சந்தனமாரி அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், “வளர்ற பிள்ளைதானே” என்று சொல்லிவிட்டு வரி ரசீது எழுதப் போய்விட்டார். ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. செத்த பிள்ளை எப்படி வளரும் என்று கேட்க எல்லாருக்கும் வாய் வந்தது, ஆனால் கேட்டால் பேச்சி முகத்தைப் பார்க்கவேண்டும், அதனால் ஒருவரும் கேட்கவில்லை, நாள்பட நாள்பட அது கேட்கவேண்டிய கேள்வியாகவே யாருக்கும் தோன்றவில்லை.

பால்வாடி டீச்சர் எமல்டா, மாதம் ஒருதரம் நூல் கொண்டுவந்து கனியை உச்சி முதல் பாதம் வரை அளந்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார். அடித்துவிட்ட பெயரை வருகைப் பதிவில் மறுபடி எழுதினார். கனிக்கு உரிய முட்டையை வீணாக்கக் கூடாதென்று என் மகள் சுபிக்குக் கொடுத்தார், சுபி தன் முட்டையையும் கனி முட்டையையும் தின்று வயிற்றுவலி வந்து படுத்தபோது ஊரே, “கனி பங்கையும் தின்னா கனி சும்மா விடுவாளா” என்று கேலி பண்ணியது. கனியின் சட்டை வயிற்றுக்கு மேலே ஏறிப்போன பிறகு ஒருநாள் அது கவுனாகிவிட்டது. எப்படி ஆனது என்று தெரியாது; காலர் மட்டும் மடங்கியே இருந்தது. சொட்டுமருந்து முகாமில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அளத்துக் கணக்கப்பிள்ளை, தீபாவளிக்கு வேலைக்காரர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மத்தாப்புப் பெட்டி கொடுக்கையில், ஒரு பெட்டியைத் தனியாக எடுத்துப் பேச்சியிடம் நீட்டினார், அவளும் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். மழைக்காலத்தில் ஆபீஸ் கூரை ஒழுகியபோது, ஆவணங்களைப் போட்டுவிட்டு முதலில் கனியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பேச்சி மெல்ல மெல்லப் பழைய பேச்சியானாள். அளத்தில் எனக்கு எதிர்ப்பாத்தியில் நின்று, “ஒங்க மக இன்னும் மூக்கை உறிஞ்சுதா மதினி, எங்க கனிக்கு அந்த வயசுல சளியே பிடிக்காது” என்பாள். “அவளுக்கு என்னட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஏசி ரூம் மாதிரி இருக்கா” என்பேன். சுற்றியிருக்கிறவர்கள் சிரிப்பார்கள். இப்படிப் பேசலாமா என்று வெளியூர்க்காரி ஒருத்தி என்னிடம் முகம் சுளித்துக் கேட்டாள். பிள்ளையைப் பற்றிப் பிள்ளை மாதிரி பேசாமல் வேறு எப்படிப் பேச என்று கேட்டேன்.

ஆனால் நான் வீட்டுச் செலவு பார்க்கிறவள், எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தங்கம் வெளியிலிருந்து வரவில்லை; பிள்ளை வளர்கிறதென்றால் அந்தப் பொன் எங்கிருந்து? வள்ளிநாயகம் ஆசாரியைக் கூட்டிவந்து தராசில் வைத்தோம், வந்த அன்று இருந்த அதே இரண்டு கிலோ, குன்றிமணி கூடவும் இல்லை குறையவும் இல்லை. பிறகு உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பின்னால் மூன்று அம்பாரம் இருந்த இடத்தில் இரண்டுதான் இருக்கிறது. லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று ஆண்கள் சிரித்தார்கள். மறுவருஷம் ஒரு அம்பாரமும் இல்லை, சூரியன் வட்டக்கோடாக இளைத்திருந்தது, கனிக்கு இரட்டைச் சடை போடுகிற அளவுக்கு முடி இருந்தது. அதற்குப் பிறகு எழுத்துகள் போயின. முதலில் வருஷம் போனது, பிறகு சுதந்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, கடைசியில் நாட்டின் பெயரும் தடவினால்தான் தெரியும் என்கிற மாதிரி தேய்ந்தது, கனியின் கன்னமோ உப்பிக்கொண்டு வந்தது. பின்பக்கத்துச் சிங்கங்கள் மட்டும் இளைக்கவே இல்லை. அதற்கும் பிறகு வேறு ஒன்றும் மிச்சமில்லாதபோது பேச்சியின் கை மெலிந்தது. நாணயத்துப் பேச்சியைச் சொல்கிறேன். பலகை பிடித்த கை குச்சியானது, தோள் சரிந்தது, சேலைக் கொசுவம் கோடுகளாயிற்று, அவளைவிடக் கனமான பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே சிரிப்போடு நின்றாள்.

“எத்தனை நாளைக்குத் தாங்குவா?” என்று நான் பேச்சியிடமே கேட்டுவிட்டேன்.

“அவ தாங்குவா. தாங்காட்டி வேற யாரு மதினி தாங்குவா?”

நாணயம் வந்து மூன்று வருஷம் ஆன அந்த ஆகஸ்டில் கொடி ஏற்ற வந்த தாசில்தார் நாணயத்தைப் பார்த்துவிட்டு லட்டைக் கீழே வைத்தார். பிறகு ஒரு மாதம் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சுரண்டியிருக்கிறார்கள் என்றார் ஒருவர், நிறுத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். படம் எடுத்து ஒப்பிட்டார் ஒருவர், பிள்ளை வேறு பிள்ளை என்றார், சந்தனமாரி அக்கா வளர்ச்சி அட்டையை நீட்டினார், அவர் அதை இரண்டுமுறை படித்துவிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். கடைசியில் உத்தரவு வந்தது. நாட்டின் பெயர் இல்லாத நாணயத்தைப் பொது இடத்தில் வைக்க விதி இல்லை. உருக்கி, அடுத்த பெரிய வருஷத்துக்குப் புதிதாக அடிக்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டும். சந்தனமாரி அக்கா மனு எழுதினார், ஊரே கையெழுத்துப் போட்டது, மனு பெற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு சீட்டு வந்தது.

பேச்சி உத்தரவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அழவில்லை. இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள். இருபத்தாறு.

மறுநாள் குளித்து, கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகை வைத்து எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவிலிருக்கிற என் வீட்டுக்கு ரோடு சுற்றி நடந்து வந்தாள். பத்திரிகை நிஜமாகவே அச்சடித்தது. ‘எங்கள் மகள் கனிஷ்காவின் காதணி விழா, இடம் பஞ்சாயத்து அலுவலகம், தாய்மாமன் ஐகோர்ட்ராஜா மடியில்’ என்று போட்டிருந்தது.

“அண்ணன் வரணும், மதினியும் வரணும்” என்று தட்டை நீட்டினாள். “மூளியா அனுப்பமாட்டேன்.”

என் வீட்டுக்காரர் தட்டை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய், அச்சடித்தும் யாருக்கும் கொடுக்காமல் பீரோவில் கிடந்த எங்கள் பால்காய்ப்புப் பத்திரிகை ஒன்றைத் தேடி எடுத்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்து அவளிடம் நேரில் கொடுத்தேன், ஐந்து வருஷத்துக்குப் பிந்தி. அவள் வாங்கி, தேதியை விரல் வைத்து நிதானமாகப் படித்தாள்.

“கண்டிப்பா வந்துடுதேன் மதினி” என்றாள். பிறகுதான் நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

காதுகுத்து நன்றாகத்தான் நடந்தது. மாமன் சீர் ஐந்து தட்டு எடுத்தோம்: கவுன், வளையல், பழம், தேங்காய், தேன்மிட்டாய். வள்ளிநாயகம் ஆசாரி கடுகு அளவில் சிவப்புக்கல் தோடு இரண்டு செய்திருந்தார், பூதக்கண்ணாடி வைத்து மூன்று நாள் உட்கார்ந்து செய்தாராம், கூலி கேட்டதற்குக் கோபப்பட்டார். சந்தனமாரி அக்கா கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். என் வீட்டுக்காரர் புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாணயத்தை மடியில் வாங்கி, இரண்டு கையாலும் விழாதபடி பிடித்துக்கொண்டார். அன்றைக்கு முதல்முறையாகக் கொம்பையா ஆபீசுக்குள் வந்து சுவரோரம் நின்றார். மேளம் வாசித்தார்கள். பெண்கள் குலவை போட்டோம். ஆசாரி கனியின் வலது காதில் சந்தனம் தொட்டு வைத்து, ஊசியை எடுத்து, சாமியை நினைத்துக்கொண்டு ஒரே குத்தாகக் குத்தித் தோட்டை மாட்டினார்.

பிள்ளைக்குக் காது குத்தும்போது என்ன செய்வோம்? கையில் மிட்டாய் கொடுப்போம். காக்காயைக் காட்டுவோம், பலூனைக் காட்டுவோம், ஊரே கூடிக் கத்தி அதன் கவனத்தைத் திருப்புவோம், குத்தி முடித்த கணத்தில் அத்தைக்காரி வாயில் இனிப்பை வைத்து அழுகையை அடைப்பாள். அது அத்தைக்காரி வேலை. அந்த அத்தை நான். மூன்று வருஷம் அவளை அளந்து, முட்டை கொடுத்து, மத்தாப்புக் கொடுத்து, கேலி பேசிப் பிள்ளையாகவே நடத்தியவர்கள், அந்த ஒரு நிமிஷம் எங்களுக்கே தெரியாமல், நாணயம்தானே, அதற்கு வலிக்கவா போகிறது என்று இருந்துவிட்டோம். தேன்மிட்டாய்த் தட்டு என் கையில்தான் இருந்தது. சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர், “ஐயோ” என்று மெதுவாகச் சொன்னார். குனிந்து பார்த்தோம். கனி அதுவரை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், முகத்தைத் திருப்பி, தன் அம்மாவின் மெலிந்த தோளில் புதைத்துக்கொண்டுவிட்டாள். இரட்டைச் சடையும், வகிடும், குத்தின ஒரு காதும் அதில் சிவப்புப் பொட்டாகத் தோடும் மட்டும் தெரிந்தன. இன்னொரு காது தோளுக்குள் போய்விட்டது. ஒரு கை அம்மாவின் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தது.

மேளம் நின்றது. இரண்டாவது தோடு ஆசாரியின் உள்ளங்கையில் இருந்தது.

“கொஞ்ச நேரத்துல திரும்பிருவா” என்றார் எமல்டா டீச்சர். “எல்லாப் பிள்ளையும் அப்படித்தான்.”

சாயங்காலம்வரை காத்திருந்தோம். பந்தி போட்டது ஆறிப்போனது. நான் தேன்மிட்டாயை நாணயத்தில் அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன், எறும்பு வந்தது, எடுத்துவிட்டேன். மறுநாள் பலூன்காரரைக் கூட்டிவந்தார்கள். ஐஸ் வண்டி வந்து மணி அடித்தது. பால்வாடிப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடின. என் மகள் சுபி, “கனி, உன் முட்டையை இனி நான் தின்னமாட்டேன், திரும்பு” என்று சத்தியம் பண்ணினாள். கொம்பையா, மகள் பெயரைச் சொல்லி மூன்று வருஷத்தில் யாரும் கேட்டிராதவர், கண்ணாடிக்கு நேராக வந்து நின்று, லாரி ஹாரன் மாதிரி வாயால் சத்தம் கொடுத்தார். கனி கைப்பிள்ளையாக இருந்தபோது அந்தச் சத்தத்துக்குத்தான் விழுந்து விழுந்து சிரிப்பாளாம். நாள் முழுக்கக் கொடுத்தார். தொண்டை கட்டியது. சடை அசையவில்லை.

பேச்சி அளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். “ஒரு தடவை முகத்தைக் காட்டுனா போதும், எடுத்துட்டுப் போகட்டும்” என்பதுதான் அவள் பேச்சு. யார் மேலும் குறை சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “மிட்டாய் எங் கையிலதாம்டி இருந்துச்சு” என்று சொன்னேன். “எனக்கும் தோணல மதினி. பெத்தவளுக்கே தோணல” என்றாள்.

இருபத்தாறாம் நாள் காலை தாசில்தார் வந்தார். அவரும் பிள்ளை பெற்றவர்தான். ஆபீசுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். நாணயத்தைப் பார்த்தார். அம்மாவின் உருவம் இப்போது நகத்தால் கீறின கோடு மாதிரி இருந்தது, சிரிப்பு இருந்த இடம் கூடத் தட்டையாகிவிட்டது, நான்கு வயசுப் பிள்ளையின் முதுகு மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

“ஏழு நாள் என் பொறுப்புல தள்ளிப் போடறேம்மா” என்றார் பேச்சியிடம். “அதுக்குள்ள திரும்பினா பார்த்துக்குங்க. அதுக்கு மேல என்னால முடியாது.”

எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. சந்தனமாரி அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிடவே போய்விட்டார். பேச்சி நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் பால் பொங்குமா பொங்காதா என்று பார்க்கிற மாதிரி.

“வேண்டாம் சார்” என்றாள்.

“என்னட்டி சொல்லுத?” என்றேன்.

“ஏழு நாள்ல திரும்புவா மதினி. திரும்பத்தான் செய்வா, வலி ஆறுனா பிள்ளை திரும்பாதா? திரும்பி என்னைப் பார்த்து இளிப்பா. அப்புறம் ஜீப்புல ஏத்தும்போதும் பார்ப்பா, நெருப்புல போடும்போதும் கண்ணு முழிச்சிருப்பா, நான் எங்கன்னு தேடுவா.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இப்பன்னா அம்மா தோள்ல கிடக்கா. கிடக்கும்போதே கொண்டுபோயிருங்க சார்.”

கொம்பையா வெளியே போய்விட்டார்.

“அந்தப் பெட்டியில போடாதீங்க, இருட்டுல முழிச்சுக்கிடுவா. வழியெல்லாம் மடியில வச்சுக்கிடுங்க. தட்டிக்கொடுத்துக்கிட்டே போனீங்கன்னா தூங்கிருவா” என்றாள். தாசில்தார் சரி என்று தலையாட்டினார். அவள் கனியைத் தொடவில்லை, தொட்டால் திரும்பிவிடுவாள் என்று. கால் சத்தம் கேட்காமல் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போய், ஆபீஸ் சுவருக்குப் பின்னால் ஒண்டி நின்றுகொண்டாள்.

நான்தான் நாணயத்தை ஒரு பழைய சேலைத் துணியில் ஏந்திக்கொண்டு போய், ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த தாசில்தாரின் மடியில் கிடத்தினேன். அவர் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். வண்டி கிளம்பியது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறியபோது துணி விலகியது, கனி தலையைத் தூக்கினாள்.

பெரிய பிள்ளையாகியிருந்தாள். பேச்சியின் நெற்றி, கொம்பையாவின் தாடை. கன்னத்தில் அழுத தடம் இருந்தது. அவள் என்னைத் தாண்டி, ஆபீஸ் வாசலை, படியை, கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள், வாய் திறந்திருந்தது. ஜீப் ரோட்டில் ஏறித் திரும்பி மறைந்தது.

நான் சுவருக்குப் பின்னால் போனேன். பேச்சி கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“போயாச்சா மதினி?”

“போயாச்சு.”

“திரும்பினாளா?”

“இல்லட்டி” என்றேன். “தூங்கிட்டா.”